எண்ணெய்க்குள் மின்சாரம்: ஒரு பழைய கோப்பின் கதை

போன மாதம் பழைய ரேடியோப் பெட்டிகளைப் பற்றி எழுதியதற்குப் பலர் போன் செய்தீர்கள். மகிழ்ச்சி. இந்த மாதம் கொஞ்சம் கனமான விஷயம். பொறுமையாகப் படியுங்கள். இதை எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

பெட்ரோல் டேங்கர் லாரியின் அடியில் ஒரு இரும்புச் சங்கிலி தொங்கிக்கொண்டு, ரோட்டில் உராய்ந்தபடியே போகும். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். எதற்கு இது என்று கேட்டால், "லாரியில் சேரும் கரண்டு பூமிக்குப் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பினேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மீதிப் பாதி தெரியாததால் ஒரு மனிதருக்கு அநியாயம் நடந்திருக்கலாம். அதில் என் பேனாவுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

1980-களின் நடுவில், நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு விபத்துக் கோப்பு வந்தது. எரிபொருள் நிரப்பும் ஒரு இடத்தில் டேங்கர் லாரியில் டீசல் ஏற்றியிருக்கிறார்கள். மேலே மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டு நிரப்புவதுதான் அப்போது வழக்கம். நிரப்பி முடித்த கையோடு, லாரி மேல் நின்ற கூலித் தொழிலாளி அளவு பார்க்க உலோகக் கம்பியை உள்ளே இறக்கினார். பக்கென்று தீ. இரண்டு கைகளும் முகமும் வெந்துவிட்டன. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கைகளால் மறுபடி கூலி வேலை செய்ய முடியவில்லை.

விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம். லாரிக்கு எர்த் வயர் முறையாக இணைக்கப்பட்டிருந்தது, ஆகவே மின்சாரம் காரணமாக இருக்க முடியாது, தொழிலாளி பீடி புகைத்திருக்கக்கூடும் என்று முடித்திருந்தார்கள். அவருடைய மனைவி உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனுவில், "என் கணவர் பீடி, சிகரெட் தொட்டதில்லை" என்று யாரோ எழுதிக் கொடுத்த ஒரு வரி இருந்தது. கோப்பைச் சுருக்கி மேலதிகாரிக்குக் குறிப்பு வைக்க வேண்டியது என் வேலை. அறிக்கையின் முடிவை எழுதினேன். மனைவி சொன்ன வரியை எழுதவில்லை. சுருக்கம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது. உதவித்தொகை கிடைக்கவில்லை.

இனி சரித்திரத்துக்கு வருவோம். கோப்புக்குக் கடைசியில் திரும்புகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். இயற்பியல் வகுப்பில் முதலில் மனப்பாடம் செய்த விதிகளில் ஒன்று கூலும் விதி. பிரெஞ்சில் அந்தப் பெயரின் கடைசி எழுத்துகளை விழுங்கிவிடுவோம். சார்லஸ் அகஸ்டின் கூலும் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் 1785-இல் சொன்னது: எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும், ஒரே வகை மின்னூட்டங்கள் விலக்கும், தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்றாகும். இன்றைய கதை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது.

அடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. உப்புக் கரைசலில் மின்சாரம் பாயும்போது ஏதோ சில துகள்கள் இரு பக்கமும் நகர்கின்றன என்று கண்டார். அவற்றுக்குப் பெயர் வேண்டும் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹுவெலுக்கு எழுதிக் கேட்டார். ஹுவெல் கிரேக்க மொழியிலிருந்து எடுத்துக் கொடுத்த சொல்தான் 'அயான்'. 'போவது' என்று பொருள். 1834 முதல் அந்தப் பெயர் வழங்குகிறது. நம் பாடப் புத்தகங்களில் அது 'அயனி' ஆயிற்று.

ஆனால் அயனிகள் எப்போது பிறக்கின்றன? மின்சாரம் பாய்ச்சினால்தான் உப்பு உடைகிறது என்று பல காலம் நினைத்தார்கள். ஸ்வீடனில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் என்ற இளைஞர், 'இல்லை, உப்பைத் தண்ணீரில் போட்டவுடனேயே அது அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, மின்சாரம் வருவதற்கு முன்பே' என்று சொன்னார். 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இதற்கு அடித்தளமிட்ட அவருடைய ஆய்வேட்டுக்குக் குறைந்த மதிப்பே கொடுத்தார்கள். 1903-இல் அதே கொள்கைக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் பரீட்சையில் மார்க் குறைந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

சரி, உப்பு ஏன் தண்ணீரில் பிரிகிறது, எண்ணெயில் பிரிவதில்லை? சமையலறையில் எல்லோருக்கும் தெரியும், நல்லெண்ணெயில் உப்பு கரையாது. தண்ணீர் மூலக்கூறு ஒரு சிறு காந்தம் மாதிரி. காந்தத்துக்கு வடமுனை, தென்முனை இருப்பதுபோல இதற்கு நேர் முனை, எதிர் முனை. இப்படிப்பட்டதை முனைவுள்ள திரவம் என்பார்கள். உப்பின் நேர் அயனியையும் எதிர் அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு, அவற்றுக்கிடையே இருக்கும் இழுப்பை மட்டுப்படுத்திவிடும். எவ்வளவு மட்டுப்படுத்தும் என்பதற்கு மின்காப்பு மாறிலி என்று ஒரு எண் உண்டு. தண்ணீருக்கு அது சுமார் 80. அதாவது வெற்றிடத்தில் இருக்கும் இழுப்பு தண்ணீரில் 80-இல் ஒரு பங்காகிவிடும்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பென்சீன் எல்லாம் முனைவற்ற திரவங்கள். இவற்றின் மின்காப்பு மாறிலி சுமார் 2. தண்ணீரோடு ஒப்பிட்டால் இங்கே அயனிகளின் இழுப்பு 40 மடங்கு வலுவானது. தண்ணீரில் இரண்டு எதிரெதிர் அயனிகள் அரை வெப்பத்தின் ஆட்டத்திலேயே பிரிந்து நடமாட, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கி அதில் முக்கால் கூறு தூரம் விலகினால் போதும். எண்ணெயில் அதே சுதந்திரம் கிடைக்க 28 கூறு விலக வேண்டும். சாதாரண அயனிகளால் அது முடிகிற காரியமல்ல. கூடிய கணவனும் மனைவியும் மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும். ஜோடியாக இருந்தால் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். மின்சாரத்தைச் சுமக்க ஆள் கிடையாது. ஆகவே எண்ணெய் மின்சாரம் கடத்தாது.

கடத்தவே கடத்தாதா? இங்கேதான் நம் பிரெஞ்சுக்காரர் பியேர் கியூரி வருகிறார். ரேடியம் கண்டுபிடித்த தம்பதி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1902-இல் அவர் தனியாக, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வாராந்தர ஏட்டில், ஒரு சிறு கட்டுரை எழுதினார். பிரான்ஸ் தேசிய நூலகம் அந்தப் பழைய ஏடுகளை 'காலிகா' என்ற தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பேரன் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்தான். அறுபது வருடம் முன்பு கற்ற பிரெஞ்சு இதற்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை.

கியூரியின் சோதனை எளிமையானது. ஒரு உலோகப் பாத்திரத்தில் எண்ணெய் போன்ற திரவம். அதற்குள் மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மூழ்கியிருக்கும். குழாய்க்குள் ரேடியம் உப்பு வைத்த கண்ணாடிக் குமிழ். பாத்திரத்துக்கும் குழாய்க்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று நுட்பமான மின்மானியால் அளந்தார். கார்பன் டைசல்பைடு, பெட்ரோலியம் ஈதர், பென்சீன், வாசலின் எண்ணெய், திரவக் காற்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். ரேடியம் கதிர் பட்டபோது எல்லாமே கொஞ்சம் மின்சாரம் கடத்தின. அவற்றில் கார்பன் டைசல்பைடு அதிகம் கடத்தியது, வாசலின் எண்ணெயும் திரவக் காற்றும் மிகக் குறைவாகக் கடத்தின. எக்ஸ்ரே கதிரும் இதையே செய்தது. அதாவது, வெளியிலிருந்து ஆற்றல் வந்தால் முனைவற்ற திரவத்துக்குள்ளும் அயனிகளைப் பிறப்பிக்க முடியும்.

சில ஆண்டுகள் கழித்து ஜெர்மானியரான ஜார்ஜ் ஜாஃபே, ஹெக்ஸேன் என்ற திரவத்தைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார். சுத்தமாக ஆக அதன் கடத்தல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் எஞ்சி நின்ற மிகச் சிறிய கடத்தலுக்குச் சுற்றுப்புறத்திலிருந்து ஊடுருவி வரும் கதிர்களே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். ஆக, கடையில் வாங்கும் எண்ணெய் கொஞ்சமாவது கடத்துகிறது என்றால் அது எண்ணெயின் குணமல்ல, அதில் கலந்திருக்கும் அழுக்கின் குணம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்த கேள்வி: தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இடைப்பட்ட ஒரு திரவம் இருந்தால் அதில் உப்பு என்ன செய்யும்? 1926-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பியெரும், அயனிகள் எந்தத் தூரத்துக்குள் வந்தால் ஜோடியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று கூலும் விதியை வைத்தே ஒரு கணக்குப் போட்டார். நான் மேலே சொன்ன முக்கால் கூறு, 28 கூறு என்பதெல்லாம் அவர் பெயரால் வழங்கும் கணக்குதான்.

அதைச் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் கிராஸும் அவருடைய இளம் சகா ரேமண்ட் ஃபூவோஸும். 1933-இல் வந்தது அவர்கள் வேலை. டையாக்சேன் என்று ஒரு திரவம். அதன் மின்காப்பு மாறிலி 2.2 தான், ஏறக்குறைய எண்ணெய் மாதிரி. ஆனால் எண்ணெய் போல் அல்லாமல், தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். ஆகவே இரண்டையும் கலந்தால் 2-லிருந்து 80 வரை எந்த எண் வேண்டுமோ அந்த எண்ணுள்ள கலவையைச் செய்துகொள்ளலாம். பாலில் தண்ணீர் கலப்பவர்கள் போல விதவிதமாகக் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரே உப்பைக் கரைத்து, கடத்தலை அளந்தார்கள். பெரிய பெரிய கரிமக் கிளைகள் கொண்ட ஒரு அம்மோனிய நைட்ரேட் உப்பு அது. சாதாரணச் சமையல் உப்பு டையாக்சேனில் கரையாது, அதனால்தான் இந்தத் தேர்வு.

தண்ணீர் குறைந்து டையாக்சேன் கூடக்கூட, அதே உப்பின் கடத்தும் திறன் லட்சம் மடங்குக்கும் மேல் விழுந்தது. உப்பு அங்கேதான் இருக்கிறது, ஆனால் ஜோடி ஜோடியாக உறைந்துவிட்டது. இன்னொரு விசித்திரமும் கண்டார்கள். டையாக்சேன் மிகுந்த கலவையில் உப்பைக் கூட்டிக்கொண்டே போனால், கடத்தும் திறன் முதலில் குறைந்து, ஒரு அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறியது. ஜோடியோடு மூன்றாவது அயனி ஒன்று ஒட்டிக்கொண்டு, மூன்று பேர் கூட்டமாகி, அந்தக் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு மின்னூட்டம் மிஞ்சுகிறது, அது மின்சாரத்தைச் சுமக்கிறது என்று விளக்கினார்கள். மூவயனி என்று பெயர் வைத்தார்கள். எண்ணெய் போன்ற திரவத்தில் அயனி உயிரோடு உலாவ வேண்டுமானால் கூட்டமாக, பெரிதாக இருக்க வேண்டும் என்ற பாடம் இதில் அடங்கியிருந்தது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துப் பண்டிதர்கள் விவகாரம் என்று நினைக்கலாம். 1954-இல் அது தெருவுக்கு வந்தது. அந்த வருடம்தான் நவம்பர் 1-ஆம் தேதி நம் புதுச்சேரி இந்திய அரசின் கைக்கு வந்தது. அதே வருடம் ஹாலந்தில், ராட்டர்டாம் அருகே பெர்னிஸ் என்ற இடத்தில் உள்ள ஷெல் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில், ஒரு தொட்டிக்குள் நாஃப்தா என்ற லேசான எண்ணெயைப் பம்ப் செய்துகொண்டிருந்தார்கள். ஆரம்பித்து 40 நிமிடத்தில் தொட்டி வெடித்தது. தீயை அணைத்தார்கள். தொட்டிக்குச் சேதம் அதிகமில்லை. மறுபடி பம்ப் செய்ய ஆரம்பித்தார்கள். மறுபடியும் 40 நிமிடத்தில் வெடித்தது. யாரும் பீடி பிடிக்கவில்லை. தொட்டியின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளே பாய்ந்த நாஃப்தா கலக்கிவிட்டு, அந்தத் துளிகள் எண்ணெய்க்குள் நகர்ந்ததால் மின்னூட்டம் பெருகியது என்று பிறகு விளங்கிற்று.

இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் கிளிங்கன்பர்க், வான் டெர் மின்னே என்ற இருவர். ஷெல் ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலையைத் தொகுத்து, பெட்ரோலியத் தொழிலில் நிலைமின்சாரம் பற்றி 1958-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அவர்கள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

எண்ணெயில் அழுக்கினால் சொற்ப அயனிகள் இருக்கும் என்று பார்த்தோம். அந்த எண்ணெய் இரும்புக் குழாய்க்குள் ஓடும்போது, ஒரு வகை அயனிகள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எதிர் வகை அயனிகள் ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போகும். குழாயில் ஒரு வகை, தொட்டியில் ஒரு வகை என்று பாகப்பிரிவினை நடந்துவிடும். நுண்ணிய வடிகட்டி வழியாகப் போனால், தொடும் பரப்பு அதிகமாதலால், பிரிவினை பல மடங்கு. நம்மில் பலர் டெரிலின் சட்டை போட்ட காலத்தில், கழற்றும்போது படபடவென்று சத்தம் வருமே, அதே சங்கதிதான். அங்கே துணி, இங்கே எண்ணெய்.

இப்போது தொட்டியில் சேர்ந்த மின்னூட்டம் வெளியேற வேண்டும். தொட்டிக்கு எர்த் கொடுத்திருக்கிறது. ஆனால் மின்னூட்டம் இருப்பது தொட்டியின் தகட்டில் அல்ல, எண்ணெயின் நடுவில். அது தகடு வரை வந்து சேர்ந்தால்தான் எர்த் வயரில் இறங்க முடியும். எண்ணெயோ கடத்தாத பண்டம். எல்லா வீட்டுக்கும் வாசலில் ரோடு இருக்கிறது, ஆனால் உள் அறையில் இருப்பவர் வாசலுக்கு வரவே வழியில்லை என்பது மாதிரி. லாரி பூமியோடு சேர்ந்திருக்கும். எண்ணெய் சேர்ந்திருக்காது.

எவ்வளவு நேரம் ஆகும்? அது எண்ணெயின் கடத்துத்திறனைப் பொறுத்தது. இதற்கு அளவு பிக்கோசீமென்ஸ். மிகத் தூய தண்ணீருக்கு, ஒரு மீட்டர் கணக்கில், இது சுமார் 55 லட்சம். நன்றாகச் சுத்திகரித்த விமான எரிபொருளுக்கு வெறும் ஒன்று, ஐந்து, பத்து என்று இருக்கலாம். ஒரு பிக்கோசீமென்ஸ் உள்ள எண்ணெயில் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையவே சுமார் 18 வினாடி ஆகும். 50 பிக்கோசீமென்ஸ் இருந்தால் அரை வினாடி கூட ஆகாது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், மிக மிகத் தூய எண்ணெயில் ஆபத்து குறைவு, ஏனென்றால் பிரிப்பதற்கே அயனிகள் இல்லை. அயனிகள் நிறைய இருந்தாலும் ஆபத்து குறைவு, பிரிந்தவை உடனே திரும்பிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், பிரிவதற்குப் போதுமான அயனிகளும், திரும்பிப் போக வழியில்லாத நிலையும் சேர்ந்த இடம்தான் அபாயம். நாம் தினமும் கையாளும் சுத்தமான எரிபொருள்கள் பல அந்த நடுவில்தான் இருக்கின்றன. அரைகுறைச் சுத்தம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் அதுதான் நிலைமை.

மருந்தும் இதிலிருந்தே வந்தது. எண்ணெயை மேலும் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, வேண்டுமென்றே கொஞ்சம் 'அழுக்கு' சேர்த்தார்கள். குரோமியம் உப்பு ஒன்று, கால்சியம் உப்பு ஒன்று, கூட ஒரு பாலிமர். இரண்டு உப்புகளும் நீண்ட எண்ணெய் வால்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள். தனித்தனியே சேர்ப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் கடத்தல் பல மடங்கு கூடியது. பெரிய உடம்பும் கூட்டமும் இருப்பதால், இந்த அயனிகள் ஒன்றையொன்று நெருங்கி ஜோடியாக முடிவதில்லை. ஃபூவோஸும் கிராஸும் டையாக்சேனில் பார்த்த அதே பாடம். ஏ.எஸ்.ஏ.-3 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பிறகு வேறு வகைகளும் வந்தன. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவே போதும். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிக்குக் கணக்குப் போட்டால் 12 கிராம். மருந்து சேர்த்த விமான எரிபொருளின் கடத்துத்திறன் 50-க்கும் 600-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

மருந்து சேர்க்காத இடங்களுக்கு வேறு விதிகள் உண்டு. குழாய் முனை எண்ணெயில் மூழ்கும் வரை வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. மேலிருந்து கொட்டக்கூடாது, அடி வரை குழாயை இறக்க வேண்டும். லாரியை நிரப்பிய பிறகு அளவுக் கம்பி இறக்க ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் அரை மணி நேரம்.

இன்னொரு விதி, முதல் முறை படித்தபோது என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. முந்தைய நடையில் பெட்ரோல் ஏற்றிய லாரியில் அடுத்து டீசல் ஏற்றுவது மிக ஆபத்து. டீசலின் ஆவி சாதாரணமாகத் தீப்பிடிக்காது. பெட்ரோல் தொட்டிக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் அதுவும் உள்ளே பற்றாது. காற்றில் நூற்றுக்கு சுமார் ஒன்றரை முதல் ஏழரை பங்கு வரை பெட்ரோல் ஆவி இருந்தால்தான் பற்றும். காலி பெட்ரோல் லாரியில் டீசல் இறங்கும்போது, பழைய பெட்ரோல் ஆவியை டீசல் உறிஞ்சிக்கொண்டு, அந்த அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். அதே நேரத்தில் டீசல் தன்னோடு மின்னூட்டத்தையும் கொண்டு வரும். அந்த ஆவியைப் பற்ற வைக்க ஒரு மில்லிஜூலில் நாலில் ஒரு பங்கு ஆற்றல் போதும். கையில் சுரீர் என்று உறைக்கும் பொறியில் அதைவிட அதிகம் இருக்கும்.

என் பழைய கோப்புக்கு வருகிறேன். அந்த லாரியின் ஏற்றுமதிச் சீட்டுகள் கோப்பில் நூல் கோத்து வைத்திருந்தன. முதல் நாள் ஏற்றியது பெட்ரோல். விபத்து நாளன்று டீசல். இதை நான் மறக்காததற்குக் காரணம், சீட்டுகள் தேதி வரிசை மாறி இருந்ததால் நான்தான் கழற்றி வரிசைப்படுத்திக் கோத்தேன். மேலிருந்து குழாய் விட்டு நிரப்பியது, முடித்த கையோடு கம்பி இறக்கியது, எல்லாம் சாட்சிகள் சொன்னது. தீப்பெட்டியோ பீடித் துண்டோ கிடைத்ததாக எங்கும் இல்லை. 'எர்த் இணைக்கப்பட்டிருந்தது, ஆகவே மின்சாரம் அல்ல' என்ற ஒரே வரியில் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் விஞ்ஞானி அல்ல, நீதிபதியும் அல்ல. அன்று நடந்தது இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த 'ஆகவே' தவறு என்பது எனக்கு இப்போது தெரியும். கிளிங்கன்பர்க் புத்தகம் வந்து அப்போதே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விசாரித்தவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்கலாம். எனக்கு அந்த நியாயம் இல்லை. எனக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெண்பிள்ளை தன் புருஷன் பீடி தொட்டதில்லை என்று சொன்னதை அப்படியே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம்.

அந்தக் கோப்பு வைத்திருக்கும் காலம் முடிந்து எப்போதோ அழிக்கப்பட்டிருக்கும். அவர் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் இங்கே எழுதுவது முறையல்ல. இருந்த இடம் விசாரித்துப் போனேன். குடும்பம் எங்கோ போய்விட்டது என்றார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டு ஜெனரேட்டருக்கோ தோட்டத்து மோட்டாருக்கோ பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பிடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முடிந்தவரை வேண்டாம். எரிபொருளுக்கென்று செய்த கேனில்தான் பிடிக்க வேண்டும் என்றால், கேனை ஸ்கூட்டர் மேலோ வண்டிக்குள்ளோ வைத்துப் பிடிக்காதீர்கள். தரையில் வையுங்கள். பம்ப் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக விடச் சொல்லுங்கள். பங்க்கில் வேலை செய்யும் பிள்ளை ஏதாவது எச்சரித்தால் கோபப்படாமல் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் கைதான் அங்கே முதலில் இருக்கிறது.